நாகையின் பாடம்: வந்த நிதியும் கேட்கும் கடமையும்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு காலத்தில் ராஜூலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்கள் சென்றன. 1980-களில் அது நின்றது. துறைமுகத்தை நம்பிய பிழைப்பு நலிந்தது. 2004 சுனாமி மேலும் வாட்டியது.

2006-07-இல் மத்திய அரசு 250 பின்தங்கிய மாவட்டங்களுக்கு மானிய நிதி ஒதுக்கியது. தமிழகத்தின் ஆறில் நாகையும் ஒன்று. கிராம சபையில் மக்கள் சொல்லும் தேவையைக் கொண்டே திட்டமிட வேண்டும் என்பது விதி. 2015-இல் மத்திய நிதி நின்றுபோனது.

பொதுநிதி ஓர் அமானிதம். அது என்றும் வந்துகொண்டிருக்காது. வரும்போது நாம் கேட்காவிட்டால் நம் தெருவின் தேவை ஏட்டில் ஏறாது. நம் அறக்கட்டளைக் கணக்கை நீங்கள் கேட்பதுபோல், அக்டோபர் 2 கிராம சபையிலும் ஆண்களும் பெண்களுமாகச் சென்று ஊராட்சியின் வரவு செலவைக் கேட்போம்.