காற்றுக்குலைப்பியும் எஞ்சினின் உஷ்ணமும்

விலையுயர்ந்த பந்தய ரகக் கார்களிற் சில, வேகமெடுத்ததும் பின்புறத்தில் ஒரு பலகையை உயர்த்திக்கொள்வதை மாணவர்கள் திரைப்படங்களிலும் கைப்பேசிகளிலும் கண்டிருப்பர். வேகம் குறைந்ததும் பலகை தானே தாழ்ந்து வண்டியின் உடலோடு படிந்துவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விப்பதற்காகவே அது உயர்கிறது என்று சிலர் கூறுவர். வெறும் அழகுக்கே என்பர் வேறு சிலர். தாராவியிலுள்ள ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இவ்வினா எழுமாயின், ஆசிரியர் விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடையின் பாதி மும்பையின் வாடகை வண்டிகளிலேயே இருக்கிறது.

எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது உஷ்ணமாகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும்; மற்றொரு பகுதியை நாம்தான் அகற்றியாக வேண்டும். குர்லாவில் உற்பத்தியான பிரீமியர் பத்மினி டாக்சியில் எஞ்சின் முன்புறம் இருந்தது. நீர் எஞ்சினின் உஷ்ணத்தை ஏற்று ரேடியேட்டருக்குக் கொண்டுவர, விசிறி இழுத்த காற்று அந்நீரை ஆற்றியது. கோடையில் மாட்டுங்காவின் நெரிசலில் சிக்கிய பத்மினி, முன்மூடி திறந்து ஆவி விட்டு நின்ற காட்சியை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 2023 அக்டோபர் 30 முதல் அவ்வண்டிகள் மும்பையில் டாக்சியாக ஓடுவதில்லை.

செம்பூரின் ஆட்டோ ரிக்சாவோ வேறு வகை. பஜாஜ் நிறுவனம் 1977 ஆம் ஆண்டில் எஞ்சினைப் பின்புறத்திற் கொண்ட ஆட்டோவை வெளியிட்டது. பயணிகளின் முதுகுக்குப் பின்னால் அமைந்த எஞ்சினை எதிர்க்காற்று நேராகத் தாக்க வழியில்லை. ஆதலால், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி காற்றை இழுக்கிறது. தகட்டுக் கூடு அக்காற்றைச் சிலிண்டரின் செதில்களின் வழியே செலுத்துகிறது. இங்கே காற்றின் அளவு சாலையில் செல்லும் வேகத்தைப் பொறுத்ததன்று. எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையின் மேம்பாலத்தில் மூன்று பேருடன் ஏறும் ஓட்டுநர், கியரைக் குறைக்காமல் திணறியபடியே ஏறினால், உஷ்ணம் மிகும் அதே வேளையில் விசிறியும் மந்தமாகிவிடும்.

இனி ஜெர்மானியக் காருக்கு வருவோம். 1963 ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டியே பிற்பாடு போர்ஷே 911 எனப் பெயர் பெற்றது. அதிலும் எஞ்சின் பின்புறத்தில்தான். விசிறிக் காற்றினால்தான் குளிர்ச்சி. பின்மூடியிலுள்ள கம்பிச் சட்டத்தின் வழியே விசிறி காற்றை உறிஞ்சும். ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. அவ்வண்டியின் கூரை பின்னோக்கி வளைந்து சரிகிறது. வேகமான காற்று அவ்வளைவைத் தழுவிச் செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது.

இதை வகுப்பில் காட்டலாம். குழாயிலிருந்து மெல்லிய தாரையாக நீர் விழட்டும். ஒரு கரண்டியின் காம்பைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் புடைத்த முதுகு தாரையைத் தொடும்படி நகர்த்துக. நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றே மாணவர் எதிர்பார்ப்பர். கரண்டியோ தாரைக்குள் இழுக்கப்படும். (மேற்காற்றும் கீழ்க்காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனையை அடைந்தாக வேண்டும், ஆதலால் மேற்காற்று விரைகிறது என்று சில நூல்களில் காணும் விளக்கம் பிழையானது, அதைக் கற்பிக்காதிருப்பது நலம்.)

அமுக்கம் குறைந்த அவ்விடத்தில் இரண்டு தீமைகள் சேர்ந்தே நிகழ்கின்றன. வண்டியின் பின்பகுதி மேலே தூக்கப்படுவதால் சக்கரத்தின் பிடி தளர்கிறது. அதே இடத்திலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டிய விசிறியின் வேலையும் கடினமாகிறது. 1972 ஆம் ஆண்டில் கரேரா ஆர்.எஸ். என்னும் வண்டியின் பின்மூடியில் வாத்தின் வாலைப் போல் மேல்நோக்கிய விளிம்பு ஒன்றை அமைத்தனர். விளிம்பை நெருங்கும் காற்று வேகம் தணிவதால் அதற்கு முன்புள்ள பரப்பில் அமுக்கம் உயர்கிறது. அவ்வமுக்கம் வண்டியைத் தரையோடு அழுத்துவதுடன், கம்பிச் சட்டத்தின் வழியே காற்று உட்புகவும் உதவுகிறது. 1980களின் இறுதியில் வந்த 964 என்னும் வகையில் இதுவே உயர்ந்து தாழும் பலகையாயிற்று. சுமார் 80 கி.மீ. வேகத்தில் அது எழும்போது, அதன் கீழுள்ள காற்று வாயிலும் அகலமாகத் திறக்கிறது. 1990களின் இறுதியில் 911 நீர்க்குளிர்ச்சிக்கு மாறிவிட்டது. அண்மைக்கால டர்போ எஞ்சின்களில், உட்செல்லும் காற்றை ஆற்றும் கருவிக்காகவும் பலகை சில வேளைகளில் உயர்கிறது.

இப்பலகையை ஆங்கிலத்தில் ‘கெடுப்பது’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். அது கெடுப்பது கூரையைத் தழுவும் காற்றின் போக்கையே. ஆதலால் இங்கே காற்றுக்குலைப்பி என வழங்கினோம். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் ஏற்கத் தடையில்லை.

காற்றின் அமுக்கவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுவது. 80 கி.மீ. வேகத்தில் 16 பங்காக உள்ள விசை, 20 கி.மீ. வேகத்தில் ஒரு பங்கே. நகர நெரிசலில் இப்பலகையின் அமுக்கத்தால் விளையும் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்போது விசிறிதான் எஞ்சினைக் காக்கிறது.

இதை அறியாததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றை நானே கண்டேன். செம்பூரில் மே மாதத்துப் பிற்பகலில் நான் ஏறிச் சென்ற ஆட்டோ, பாதி வழியில் இரைச்சலுடன் நின்றது. கார்களைப் பார்த்து அதன் ஓட்டுநர் பின்புறத்தில் ஒரு பளபளப்பான பலகையைப் பொருத்தியிருந்தார். எஞ்சின் குளிரும் என்று கடைக்காரர் சொன்னாராம். பலகையின் அடித்தகடு எஞ்சின் கதவிலுள்ள காற்றுக் கீற்றுகளில் பாதியை மூடியிருந்தது. மீதியை ஒரு கோணிப்பை அடைத்திருந்தது. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பழுது பார்க்க ஆன செலவோடு சில நாட்களின் வருமானமும் அவருக்குப் போயிற்று. தூக்கி நிறுத்திய பலகையைவிட மூடாத கீற்று அவருக்கு அதிகம் உதவியிருக்கும்.

களப்பணியாளர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சுழலும் பாகங்களுக்கு எட்டாத தூரத்தில் ஒரு மெல்லிய தாள் நறுக்கைக் கீற்றுகளின் அருகே பிடிக்க. ஓரிடத்தில் தாள் உள்ளே இழுக்கப்படும். வேறோரிடத்தில் வெளியே தள்ளப்படும். எங்குமே அசையாவிடில், முதலில் சேற்றையும் கோணியையும் தேடுக. பிறகு விசிறியின் கூடு உடைந்துள்ளதா என்று பார்க்க.