இரண்டாம் அட்டை

கற்றல் விளைவுகள்

• கணினித் துறைக் கலைச்சொற்களைத் தமிழில் அறிந்து பயன்படுத்துதல்.
• ஒரு நிகழ்வின் காரணத்தை ஆராய்ந்து வரிசைப்படக் கூறுதல்.
• வினைத்தொகையை இனங்காணுதல்.

நுழையும் முன்

பாரம் மிகுந்த வண்டியில் மற்றொரு மாட்டைப் பூட்டினால் வண்டி விரைந்து செல்லும். ஆனால், நுகத்தில் அதற்கு இடம் வேண்டும். இரண்டு மாடுகளுக்கும் போதிய தீவனமும் வேண்டும். கணினிக்கும் இது பொருந்தும். புதிய கணினியில் இரண்டாவது வரைகலை அட்டை ஒன்றைப் பொருத்திய ஒரு குடும்பத்தின் ஐந்து நாள்களை இப்பாடம் கூறுகிறது.

1. மூடுபனியும் ஒரு கணக்கும்

தில்லி கரோல் பாகில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்து வந்தது. தந்தை, கட்டடங்களில் மின்கம்பி அமைக்கும் பணியின் மேற்பார்வையாளர். தாய், வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். மூத்த மகள் அசைவூட்டப் படக்கலை பயிலும் கல்லூரி மாணவி. இளையவன் எட்டாம் வகுப்பில் படித்தான். தாய் தையலில் சேர்த்த பணத்தைக் கொண்டு, பத்து நாள்களுக்கு முன்புதான் புதிய கணினி ஒன்றை வாங்கியிருந்தனர்.

அக்காவின் இறுதியாண்டுப் பணி மூன்று நிமிடப் படம். ஊரிலிருந்து தமிழ்நாடு விரைவுவண்டியில் வந்து புதுதில்லி நிலையத்தில் இறங்கும் பாட்டி ஒருவர், வாழ்வில் முதன்முறையாகத் தில்லியின் அடர்ந்த மூடுபனியைக் காண்கிறார். இதுவே கதை.

அசைவூட்டப் படம் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் தொகுப்பாகும். நொடிக்கு 24 படங்கள் எனில், மூன்று நிமிடத்திற்கு 4,320 படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒளி எங்கே படுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டுக் கணினி தீட்டுகிறது. பனியில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால், அக்கணக்கு மேலும் நீள்கிறது. புதிய கணினிக்கு ஒரு படம் தீட்ட இரண்டு நிமிடம் ஆயிற்று. முழுப்படத்திற்கும் 144 மணி நேரம், அதாவது ஆறு நாள்கள் தேவை. அன்று வெள்ளிக்கிழமை மாலை. புதன்கிழமை மாலைக்குள் படத்தைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். இருந்தவை ஐந்தே நாள்கள்!

அப்போது அக்காவுக்குப் பரணில் கிடந்த பழைய கணினி நினைவுக்கு வந்தது. அதன் தாய்ப்பலகைதான் பழுதாகியிருந்தது. வரைகலை அட்டை நன்றாகவே இருந்தது. அந்த அட்டை ஒரு படத்தை நான்கு நிமிடத்தில் தீட்டவல்லது.

“நான்கு நிமிடத்தில் புதிய அட்டை இரண்டு படம், பழையது ஒரு படம். மொத்தம் மூன்று. இரண்டும் சேர்ந்து உழைத்தால் 96 மணி நேரத்தில், நான்கே நாள்களில் முடித்துவிடலாம்” என்றாள் அக்கா.

2. இரண்டு சேர்ந்தால் இருமடங்கா?

“அப்படியானால் என் விளையாட்டும் விரைவாக ஓடுமா, அக்கா?” என்று தம்பி ஆவலோடு கேட்டான்.

“ஓடாது, தம்பி. மையச்செயலியில் ஆற்றல் மிக்க கருக்கள் சில இருக்கும். வரைகலைச்செயலியிலோ சிறிய கருக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தனித்தனியே பிரிக்கக்கூடிய வேலையை அவை ஒரே நேரத்தில் செய்து முடிக்கும். என் படத்தில் பத்தாவது படத்தை ஓர் அட்டையும் பதினோராவது படத்தை மற்றோர் அட்டையும் தீட்டலாம். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டில் நீ விசையை அழுத்திய பிறகே அடுத்த காட்சி எது என்று தெரியும். அதை இரண்டு அட்டைகளுக்குப் பங்கிட்டு, இடறாமல் திரைக்குக் கொண்டுவருவது கடினம்.”

இரண்டு அட்டைகளை விளையாட்டுக்கு இணைக்கும் முயற்சி முன்பு நடந்ததுண்டு. 1998இல் வெளிவந்த வூடூ 2 அட்டைகள் இரண்டு, திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டு வரைந்தன. 2004இல் என்விடியா நிறுவனமும் 2005இல் ஏ.டி.ஐ. நிறுவனமும் இத்தகைய இணைப்பு முறைகளைக் கொண்டுவந்தன. விளையாட்டை உருவாக்குவோர் ஒவ்வொரு முறையும் அதற்கெனத் தனியே உழைக்க வேண்டியிருந்ததால், அம்முறைகள் வழக்கொழிந்தன.

“புதிய அட்டையில் 12 ஜிகாபைட் நினைவகம், பழையதில் 6. இரண்டும் சேர்ந்து 18 ஆகுமா?” என்று தம்பி மீண்டும் கேட்டான்.

“ஆகாது. ஒவ்வோர் அட்டையும் காட்சி முழுவதையும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டே தீட்டும். என் காட்சிக்கு 4 ஜிகாபைட் போதும். ஆகவே இரண்டிலும் அடங்கும். அதற்கு 8 ஜிகாபைட் தேவைப்பட்டிருந்தால் பழைய அட்டையால் பயனில்லை” என்றாள் அக்கா.

3. பொருத்துதல்

அக்கா கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றினாள். பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டாள். குளிர்காலத்தில் கம்பளி ஆடை அணிந்தவரின் உடலில் தேங்கும் நிலைமின்சாரம், நுண்ணிய மின்சுற்றுகளைக் கெடுத்துவிடக்கூடும். உலோகத்தைத் தொட்டால் அது நீங்கும்.

தாய்ப்பலகையில் நீண்ட செருகுவாய்கள் இரண்டு இருந்தன. மேலுள்ளதில் புதிய அட்டை இருந்தது. கீழுள்ளதற்கு நேராகப் பெட்டியின் பின்புறத் தகட்டைக் கழற்றி, பழைய அட்டையைச் செருகி அழுத்தினாள். “டக்” என்ற ஒலியுடன் பூட்டு விழுந்தது. திருகாணியை முடுக்கி, மின்வழங்கியிலிருந்து வந்த எட்டுமுனைக் கம்பியை இணைத்தாள்.

“இரண்டு வாய்களும் ஒரே நீளம். ஆனால், கீழுள்ளதில் பாதைகள் குறைவு என்று கையேட்டில் உள்ளதே?” என்றான் தம்பி. மேல்வாயில் தரவு செல்லும் பாதைகள் 16. கீழ்வாயில் 4 மட்டுமே. ஆயினும் காட்சியை ஒருமுறை அனுப்பிவிட்டால், பிறகு கணக்கு முழுவதும் அட்டைக்குள்ளேயே நடக்கும். ஆகவே, இவ்வேலைக்கு நான்கு பாதைகளே போதும்.

கணினியை இயக்கியதும் இரண்டு அட்டைகளின் பெயர்களும் திரையில் தோன்றின. தம்பி கைதட்டினான்.

4. இருண்ட திரை

இருபது நிமிடம் கடந்திருக்கும். திடீரெனத் திரை இருண்டது, விசிறிகள் நின்றன. மீண்டும் இயக்கினார்கள், மீண்டும் நின்றது. அக்காவின் முகம் வாடியது. “அம்மாவின் பணத்தில் வாங்கிய கணினி. நானே கெடுத்துவிட்டேனா?” என்று கலங்கினாள்.

பணி முடிந்து வந்த தந்தை நடந்ததைக் கேட்டார். “பதறாதே அம்மா. முதலில் எது நின்றது என்று பார்ப்போம். பழைய அட்டையின் கம்பியைக் கழற்றி, அட்டையையும் எடுத்துவிடு” என்றார்.

அவ்வாறே செய்தனர். கணினி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. பழைய அட்டையை மட்டும் பொருத்திப் பார்த்தனர், அப்போதும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால் மட்டுமே நின்றது.

“அட்டைகளில் குறையில்லை. சுமையைக் கூட்டிப் பாருங்கள்” என்றார் தந்தை. தம்பி தாளில் எழுதினான்.

மையச்செயலி – 125 வாட்
புதிய வரைகலை அட்டை – 200 வாட்
பழைய வரைகலை அட்டை – 160 வாட்
விசிறி, நினைவகம், சேமிப்பகம் முதலியன – 65 வாட்
மொத்தம் – 550 வாட்

மின்வழங்கியின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தான். அதிலும் 550 வாட் என்றே இருந்தது.

“சரியாகத்தானே இருக்கிறது, அப்பா?”

“சரியாக இருப்பதுதான் குறை. வரைகலை அட்டை சில கணங்களில் தனக்குக் குறித்த அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்க இடைவெளி இல்லை. ஆதலால், மின்வழங்கி தன்னையும் கணினியையும் காக்கத் தானே நின்றுவிட்டது. அது கெடவில்லை, அம்மா, தன் கடமையைச் செய்தது” என்று தந்தை விளக்கினார். அதன்பின்னரே அக்கா நிமிர்ந்தாள்.

அன்றிரவு 10 மணிக்குப் புதிய அட்டையை மட்டும் கொண்டு வேலையைத் தொடங்கினர்.

5. நேரு பிளேஸ்

சனிக்கிழமை காலை 10 மணிக்குள் 360 படங்கள் முடிந்திருந்தன. கணினியை அணைத்து, மின்வழங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தந்தையும் அக்காவும் மெட்ரோவில் புறப்பட்டனர். மண்டி ஹவுஸ் நிலையத்தில் வண்டி மாறி, கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸை அடைந்தனர். கணினி வாங்கிய கடைக்காரர், பழையதைப் பெற்றுக்கொண்டு, வேறுபாட்டுத் தொகைக்கு 750 வாட் மின்வழங்கியைத் தர இசைந்தார். 550 வாட் சுமை அதற்கு முக்கால் பங்கினும் குறைவே.

வீட்டில், பழைய கணினிப் பெட்டியில் கிடந்த கம்பி ஒன்றைத் தம்பி எடுத்து நீட்டினான். தந்தை அதை வாங்கி அப்பால் வைத்தார். “முனை ஒன்றுபோல் இருந்தாலும், வேறொரு மின்வழங்கியின் கம்பியைப் பயன்படுத்தக்கூடாது. உள்ளிணைப்பு மாறியிருந்தால் அட்டை எரிந்துபோகும். மின்வழங்கியின் மூடியையும் ஒருபோதும் திறக்காதே, கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்” என்று எச்சரித்தார்.

கீழ் அட்டையிலிருந்து எழும் சுடுகாற்று மேல் அட்டையைத் தாக்காதபடி, நடுவில் தொங்கிய கம்பிகளை ஒதுக்கிக் கட்டினர். மாலை 4 மணிக்கு இரண்டு அட்டைகளும் வேலையைத் தொடங்கின. இருபது நிமிடம் கடந்தது. மூவரும் பேசாமல் திரையைப் பார்த்திருந்தனர். ஒரு மணி நேரம் கடந்தது. திரை இருளவில்லை.

புதன்கிழமை காலை 8 மணிக்குக் கடைசிப் படமும் முடிந்தது. ஒப்படைப்பதற்கு முன் அக்கா படத்தை வீட்டில் ஓடவிட்டாள். பனிக்குள்ளிருந்து பாட்டி மெல்ல வெளிப்பட்டார். தாய் தையற்பொறியை நிறுத்திவிட்டு வந்து, மூன்று நிமிடமும் நின்றபடியே பார்த்தார்.

அறிந்துகொள்வோம்

2012ஆம் ஆண்டு, கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவர், படங்களில் உள்ள பொருள்களை இனங்காணக் கணினிக்குக் கற்பித்தனர். அவர்களின் அமைப்பு ஓர் அட்டையின் 3 ஜிகாபைட் நினைவகத்தில் அடங்கவில்லை. எனவே, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு வரைகலை அட்டைகளில் இயக்கினர். ஏறத்தாழ 12 லட்சம் படங்களைக் கொண்டு, ஐந்தாறு நாள்களில் பயிற்சி முடிந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்கு அது ஒரு திருப்புமுனையாயிற்று. ஹிண்டன் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

சொல்லும் பொருளும்

வரைகலை அட்டை – கிராபிக்ஸ் கார்டு
மையச்செயலி – சி.பி.யூ.
வரைகலைச்செயலி – ஜி.பி.யூ.
தாய்ப்பலகை – மதர்போர்டு
செருகுவாய் – ஸ்லாட்
மின்வழங்கி – எஸ்.எம்.பி.எஸ்.
அசைவூட்டம் – அனிமேஷன்
பரண் – வீட்டின் மேற்பகுதியில் பொருள்களை வைக்கும் இடம்
இசைந்தார் – உடன்பட்டார்

மொழியை அறிவோம்

‘செருகுவாய்’ என்பது செருகிய வாய், செருகுகின்ற வாய், செருகும் வாய் என முக்காலத்திற்கும் பொருந்தும். இவ்வாறு காலங்காட்டும் இடைநிலை மறைந்து நிற்கும் தொகை வினைத்தொகை எனப்படும்.

பயிற்சிகள்

அ) வினைத்தொகைகளை முக்காலத்திலும் விரித்து எழுதுக.
1. வரைகலை
2. சுடுகாற்று

ஆ) சேர்த்து எழுதுக.
1. தாய் + பலகை = ____________
2. மையம் + செயலி = ____________

இ) சரியா, தவறா எனக் குறிப்பிடுக.
1. இரண்டு அட்டைகளின் நினைவகமும் ஒன்றாகக் கூடிவிடும். ( )
2. மின்வழங்கி பழுதானதால் கணினி நின்றது. ( )

ஈ) ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. அக்கா பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டது ஏன்?
2. கீழுள்ள செருகுவாயில் பாதைகள் குறைவாக இருந்தும் வேலை தடைப்படாதது ஏன்?
3. குறை எங்கே உள்ளது என்பதைத் தந்தை எவ்வாறு கண்டறியச் செய்தார்?

உ) கணக்கிட்டுச் சொல்க.
சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எஞ்சியிருந்த படங்கள் எத்தனை? அவை புதன்கிழமை காலை 8 மணிக்கு முடிந்தது சரிதானா? உம் கணக்கைத் தமிழ்த் தொடர்களில் எழுதுக.

ஊ) செயல்திட்டம்
உம் வீட்டில் ஒரே நேரத்தில் இயங்கும் மின்கருவிகளின் வாட் அளவுகளைப் பெற்றோர் துணையுடன் பட்டியலிட்டுக் கூட்டுக. பின்னர், திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் குறள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பொருத்தத்தை வகுப்பில் விளக்குக.