எழுதினதைப் படிச்சுக் காட்டு!

ஷார்ட்ஹேண்ட் கத்துக்கப் போறேன்னு சொன்னதும், "இப்ப எந்த ஆபீஸ்ல டிக்டேஷன் தர்றாங்க?"ன்னு வீட்ல கேட்டிருப்பாங்களே? கேக்கட்டும் தங்கச்சி. வாசல்ல கோலம் போடுறவகிட்ட யாராவது அப்படிக் கேக்குறாங்களா? ஆசைக்குக் கத்துக்கிறவளுக்கு ஒரு வசதி, ஸ்பீடு பத்திக் கவலையே வேண்டாம். ஆனா படிக்க வரணும். பல பேர் விட்டுட்டு ஓடுறது அங்கதான். மளமளன்னு எழுதிடுவாங்க, மறுநாள் அவங்க எழுதினது அவங்களுக்கே புரியாது.

அதனால இன்னைக்கு அரைப் பக்கம் எழுது, நாளைக்கு அதை வாய்விட்டுப் படி. எழுதின கையோட படிச்சா மனசுல இருக்கிறதைத்தான் ஒப்பிப்பே. தடுக்குற அவுட்லைனை, அதாவது அந்த வார்த்தையோட கோட்டு உருவத்தை, ரப்பர் போட்டு அழிக்காதே. வட்டம் போட்டுட்டு, சரியானதைக் கீழே ஒரு வரி முழுக்க எழுது.

நம்ம பக்கத்து இன்ஸ்டிட்யூட்ல சொல்லித் தர்றது பெரும்பாலும் 1837-ல ஐசக் பிட்மேன் கொண்டுவந்த முறை. அதுல ஸ்பெல்லிங் கிடையாது, காதுல விழுற சத்தம்தான். பால்ல வர்ற 'ப' மெல்லிசு சாய்கோடு, பஸ்ல வர்ற 'ப' அதே கோடு கனமா. டீக்கு மெல்லிசு நேர்கோடு, டாக்டருக்குக் கனம். இப்ப படப்பைன்னு போடு: மெல்லிசா ஒரு சாய்வு, கனமா ஒரு நேர்கோடு, மறுபடி மெல்லிசா ஒரு சாய்வு. நடுக்கோடு மெலிஞ்சா ஊரே மாறிடும். அதுக்குத்தான் பால் பாயின்ட் வேண்டாம்கிறேன், அதுல கனம் தெரியாது. ரெண்டு ஹெச்பி பென்சிலைச் சீவி வச்சுக்கோ. கோட்டோட நீளத்தையும் கவனி. பாதியாக் குறைச்சா பல இடத்துல கடைசியில ஒரு 'ட்' சத்தம் சேர்ந்துக்கும்.

உயிரெழுத்துக்குப் புள்ளியும் சின்னக் கோடும் உண்டு. வேகம் வந்ததும் முக்கால்வாசியை விட்டுடுவாங்க. அப்பவும் எப்படிப் படிக்கிறாங்கன்னா, எழுதின இடம் காட்டிக் குடுக்கும். மூட்டை கட்டுற பேக், கோழி கொத்துற பெக், பொறுக்கி எடுக்குற பிக், மூணுக்கும் ஒரே உருவம்தான். முதலாவது ரூல் கோட்டுக்கு மேல உசரத்துல, ரெண்டாவது கோட்டுல உக்காந்து, மூணாவது கோட்டை வெட்டிக்கிட்டு. ரூல் போடாத நோட்டு அழகா இருக்குன்னு வாங்கிடாதே.

தாம்பரம் பஸ்ல நோட்டைத் திறக்காதே. ஆடுற ஆட்டத்துல எல்லா வார்த்தையும் கோட்டை வெட்டிக்கிட்டுப் போயிடும். மண்ணிவாக்கம், முடிச்சூர்னு வர்ற போர்டையெல்லாம் ஹேண்ட்பேக் மேல விரலால போட்டுப் பாரு, அது போதும்.

டிக்டேஷனுக்கு ஆள் தேட வேண்டாம். குழந்தைங்க பாடப்புத்தகத்துல ஒரு பத்தி எடுத்து, பத்து வார்த்தைக்கு ஒரு அடையாளம் போடு. அடையாளத்துக்கு அடையாளம் 15 செகண்ட் ஆகுற மாதிரி வாசிச்சு போன்ல பதிஞ்சுக்கோ. நிமிஷத்துக்கு 40 வார்த்தை. பத்தை இருபதாக்கினா 80, இங்கிலீஷ் ஜூனியர் பரீட்சைக்கே அந்த வேகம்தான். சர்டிபிகேட் ஆசை வந்தா, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழக்கமா பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் நடத்துது. தமிழ்லயும் எழுதலாம்.

கை பழகினதும் டைரியை இதுலயே எழுது. தேதியையும் ஆள் பேரையும் மட்டும் முழுசா எழுதிடு. லண்டன்ல சாமுவேல் பீப்ஸ் 1660-லேர்ந்து 1669 வரைக்கும் சுருக்கெழுத்துல டைரி எழுதினார். அதைப் படிச்செடுக்க ஜான் ஸ்மித்ங்கிறவர் 1819-லேர்ந்து மூணு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டார். அந்த முறையைச் சொல்லித்தர்ற புத்தகம் பீப்ஸோட நூலகத்துலயே இருந்திருக்கு, பாவம்!

நம்ம பக்கம் அவ்வளவு கஷ்டம் இல்ல. தேடினா தெருவுக்கு ஒரு ரிடையர்டு ஸ்டெனோ ஆன்ட்டி கிடைப்பாங்க. ரகசியம் எழுதியிருந்தா அவங்க வர்றப்ப நோட்டை மூடி வை. மத்த நாள்ல நோட்டை அவங்க கையிலயே குடுத்துப் படிக்கச் சொல்லு. எந்த இடத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாங்களோ, அந்த அவுட்லைனை மறுபடி எழுது.