தோல் ஷெட்டில் வேலை செய்வோர் அறிய வேண்டிய சொற்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஷெட்களை நம்பித்தான் நம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கே புழங்கும் சில சொற்களை நாம் பிரித்து அறிவது அவசியம்.

‘அபாயத்தன்மை’ என்பது ஒரு பொருளின் இயல்பு. ‘இடர்’ என்பது அது நமக்குத் தீங்கு செய்யும் வாய்ப்பு. மூடிய டிரம்மில் உள்ள சோடியம் சல்பைடுக்கு அபாயத்தன்மை உண்டு, இடர் குறைவு. சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும் பிக்கிள் செய்த அமிலத் தண்ணீரும் ஒரே கழிவுத் தொட்டியில் சேர்ந்தாலோ ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். டிரம்முக்குப் பயப்படும் நாம் தொட்டிக்குப் பயப்படுவதில்லை.

இந்த வாயு முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க அப்படியே குதிப்பவரும் பிழைப்பது அரிது.

இத்தகைய தொட்டி ‘அடைபட்ட இடம்’. தகுதியானவர் வாயுவைச் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 36ஆம் பிரிவில் சொன்னது.

‘பாதுகாப்புத் தரவுத் தாள்’ 16 பகுதிகள் கொண்டது. மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, முதலுதவி சொல்லும் 4ஆம் பகுதியையும் கையுறை, முகக்கவசம் பற்றிய 8ஆம் பகுதியையும் முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.