ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் ஃபைபர் இழுக்கும் முன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் சின்னப் பட்டறைகளிலும் இன்று சி.என்.சி. இயந்திரம், கேமரா, பில்லிங் கணினி எல்லாம் ஒரே நெட்வொர்க்கில்தான் ஓடுகின்றன. ஷெட், ஆபீஸ், மாடி வீடு என்று இணைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. செம்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. தூரம் குறைவாக இருந்தாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட அந்தக் கம்பியைப் பிடித்து வந்து இரு முனை ஸ்விட்சையும் கருக்கிவிடும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. எலிக்குப் பயந்து இரும்புக் கவசம் போட்ட கேபிள் வாங்கினால், கவசத்தை எர்த் செய்யாமல் விடாதீர்கள்.

2. ஃபைபரை இணைக்க ஸ்விட்சில் சொருகும் எஸ்.எஃப்.பி. மாட்யூலில் ‘எஸ்.ஆர்.’ என்றிருந்தால் அது குறுந்தூரத்துக்கானது. 10 ஜிகாபிட் வேகத்தில் ஓ.எம்.3 ரக ஃபைபர் கேபிளில் 300 மீட்டர், ஓ.எம்.4 கேபிளில் 400 மீட்டர் போகும். ஒரு வளாகத்துக்கு அது தாராளம்.

3. எஸ்.ஆர். மாட்யூலுக்கு மஞ்சள் கேபிள் சேராது, அது நெடுந்தூரத்துக்கான ‘எல்.ஆர்.’ வகைக்கு உரியது. ஓ.எம்.3 பெரும்பாலும் இளநீல நிறத்தில் வரும். இரண்டு முனையிலும் ஒரே வகை மாட்யூல் இருக்க வேண்டும்.

4. தூசிதான் முதல் எதிரி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரி போகப் போகப் புழுதி வரும். கிரைண்டிங் தூள் ஷெட்டுக்குள்ளேயே இருக்கும். ஓ.எம்.3 இழையில் ஒளி ஓடும் பாதை 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. அதன் வாயில் ஒரு துகள் உட்கார்ந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். நீங்களோ கணினியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கேபிளைக் கழற்றிய நொடியே ரப்பர் மூடியைப் போடுங்கள், மாட்யூலுக்கும் சேர்த்து. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படியும். சட்டை நுனியால் துடைக்கவும் வேண்டாம். ஃபைபர் துடைக்கவென்றே விற்கும் பேனா வடிவக் கிளீனர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சொருகுமுன்னும் துடையுங்கள்.

5. இழையின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒளியே இல்லை என்று ஆகாது. பிள்ளைகள் புழங்கும் இடமாக இருந்தால் பெட்டியைப் பூட்டிவையுங்கள்.

6. புதிதாகப் போட்டும் ஸ்விட்சில் இணைப்பு விளக்கு எரியவில்லையா? ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். அனுப்பும் வாய்க்கு எதிரே வாங்கும் வாய் இருக்க வேண்டும்.

7. கேபிளை ஆணியில் மடித்துக் கட்டாதீர்கள். மிச்சத்தைச் சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாகச் சுற்றித் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

8. சில ஸ்விட்சுகள் வேறு கம்பெனி மாட்யூலை ஏற்காது. பணம் கொடுக்குமுன் உங்கள் ஸ்விட்சில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே உபரியாக இன்னொன்றையும் வாங்கிவிடுங்கள். ராத்திரி ஷிப்டில் மாட்யூல் போனால் கடை திறக்கும்வரை இயந்திரம் நிற்க வேண்டியதில்லை.