கூண்டிலுள்ள பச்சோந்தியின் நிறமும் நடத்தையும்

மழைக்காலத்தின் பிற்பகுதியில் கிராமப் பள்ளிகளுக்குப் பச்சோந்தி எதிர்பாராத விருந்தாளியாக வந்து சேர்வதுண்டு. பாதையைக் கடந்துகொண்டிருந்த பிராணியை மாணவன் ஒருவன் குச்சியில் ஏற்றிக் கொண்டு வருகிறான். வகுப்பு முழுவதும் அதைச் சூழ்ந்து நிற்கிறது. ஒருவன் சிவப்புத் துணியை விரிக்கிறான். மற்றொருவன் நீல அட்டையிட்ட புத்தகத்தைக் கொணர்ந்து அதன் கீழ் வைக்கிறான். பிராணி சிவப்பாகவும் ஆவதில்லை, நீலமாகவும் ஆவதில்லை. பச்சை நிறம் மங்கி, உடலெங்கும் கரும்புள்ளிகளும் பட்டைகளும் தோன்றுகின்றன. உடல் காற்றால் உப்புகிறது. வாய் அகலத் திறக்கிறது. சீறல் ஒலி கேட்கிறது. நிறம் மாறிவிட்டதென்று மாணவர் கைகொட்டி மகிழ்கின்றனர். நிறம் மாறியது உண்மையே. ஆனால் அம்மாற்றத்திற்குக் காரணம் துணியன்று, சூழ்ந்து நிற்கும் முப்பது முகங்கள். பார்ப்பவர்க்கு வேடிக்கையாகத் தோன்றும் அந்நிறம், பிராணியின் அச்சத்தைத் தெரிவிக்கும் அறிகுறியாகும்.

இந்தியாவில் உண்மையான பச்சோந்தி இனம் ஒன்றே உள்ளது. விஞ்ஞானிகள் அதனைக் கெமீலியோ ஸெய்லானிகஸ் என வழங்குவர். கங்கைக்குத் தெற்கிலுள்ள வறண்ட காடுகளிலும் புதர்களிலும், இலங்கையிலும் அது வாழ்கிறது. ஆயினும் அதன் பெயரை நம்பி எதையும் முடிவு செய்தல் கூடாது. தமிழில் பச்சை ஓணானையும் சிலர் பச்சோந்தி என்பர். இந்தியில் 'கிர்கிட்' என்னும் சொல் ஓணானையும் குறிக்கும், பச்சோந்தியையும் குறிக்கும். எனவே களப்பணியாளர் ஒருவர் கிராமத்திலிருந்து செய்தி பெறும்போது பிராணியின் உறுப்புக்களைக் கேட்டறிதல் நலம். கூம்பு போல் வெளியே நீண்டு, ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும் கண்கள். கிளையைச் சுற்றிப் பற்றும் சுருள் வால். மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து இடுக்கி போல் அமைந்த விரல்கள். பக்கவாட்டில் தட்டையான உடல். இவை பச்சோந்திக்கே உரியவை. ஓணானின் வால் நேராக நீண்டிருக்கும். அது விரைந்து ஓடும். பச்சோந்தியோ காற்றிலாடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து அசைந்து அடியெடுத்து வைக்கும். இத்தளர்நடையை நோயென்று எண்ணி வருந்துவோர் உளர். அது அதன் இயல்பான நடையே.

நிறம் மாறுவது ஓணானுக்கும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச் செவேலெனச் சிவக்கும். இது கண்டே அது தொலைவிலிருந்து மனிதரின் இரத்தத்தை உறிஞ்சுகிறதென்று ஒரு கதை பிறந்தது. ஆங்கிலேயரும் அப்பிராணிக்கு இரத்தம் உறிஞ்சி என்றே பெயரிட்டனர். பச்சோந்தியின் மூச்சு நஞ்சு, கடி நஞ்சு என்பதும் இவ்வகைக் கதையே. அதற்கு நஞ்சு கிடையாது. கையிலெடுத்தால் கடிக்கலாம், கடித்தால் வலிக்கும், அவ்வளவே. இக்கதைகளால் கல்லெறிந்து கொல்லப்படும் பச்சோந்திகள் பல.

பச்சோந்தி தான் நிற்கும் இடத்தின் நிறத்தையெல்லாம் அப்படியே மேற்கொள்ளும் என்னும் எண்ணம் மிகப் பழையது. பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிவிக்க, அந்தந்த நிறமாகவே பச்சோந்தி மாறும் ஓர் அசைபடம் கைபேசிகளில் உலவி வருகிறது. அது விளம்பரத்திற்காகக் கணிப்பொறியால் அமைத்த படம். மாணவர்க்கு அதைச் சான்றாகக் காட்டலாகாது. இலைகளிடையே பச்சையாகவும், காய்ந்த கொம்பில் பழுப்பாகவும் இருப்பதால் பச்சோந்தி பகைவர் கண்ணுக்குத் தப்புகிறது என்பது மெய்தான். எனினும் நம் நாட்டுப் பச்சோந்தியின் நிறங்கள் பெரும்பாலும் பச்சை, மஞ்சள், பழுப்பு, கருமை என்னும் எல்லைக்குள் அடங்கியவை. அவ்வெல்லைக்குள் எந்நிறம் எப்போது தோன்றுமென்பதை வெப்பம், ஒளி, அச்சம், சினம், கருவுற்றிருத்தல் முதலிய நிலைகளே பெரிதும் முடிவு செய்கின்றன.

நிறமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? வியன்னாவில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் புரூக்கே என்னும் உடலியல் அறிஞர் ஆப்பிரிக்கப் பச்சோந்தியை ஆராய்ந்து 1852ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். தோலிலுள்ள கருநிற உயிரணுக்களை நரம்புகள் ஆள்கின்றன என்பது அக்காலந்தொட்டே அறியப்பட்டு வந்தது. இவ்வணுக்களுள் மெலனின் என்னும் கருநிறப் பொருள் சிறு துகள்களாக உள்ளது. துகள்கள் அணுவின் நடுவே ஒடுங்கினால் தோல் வெளிறும். அணுவின் கிளைகள் தோறும் பரவினால் கருமையுறும். ஒரு குடத்து நீரில் மைக்கட்டி ஒன்று அடியிற் கிடப்பதற்கும், அதே மை கரைந்து பரவி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு உவமையாகக் கூறலாம்.

ஆனால் பச்சை மஞ்சளாவதை இது விளக்கப் போதாது. நெடுங்காலம் நீடித்த இவ்வையத்தை 2015ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் பெரிதும் தீர்த்தனர். மடகாஸ்கர்த் தீவின் சிறுத்தைப் பச்சோந்தியை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதன் தோலில் ஒருவகை உயிரணுக்களுள் குவானின் என்னும் பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பிராணி அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நிற்கும். அப்போது அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதே தோலில் மஞ்சள் நிறமியும் இருப்பதால் நீலமும் மஞ்சளும் கூடி நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும். பிராணி கிளர்ச்சியுற்றால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. திரும்பும் ஒளி மஞ்சளையும் சிவப்பையும் நோக்கி நகர்கிறது. தோற் பகுதியை உப்புக் கரைசலில் இட்டு, கரைசலின் செறிவை மாற்றியும் இந்நிற நகர்வை அவர்கள் செய்து காட்டினர். இதன் அடியில் பெரிய படிகங்கள் கொண்ட மற்றோர் அடுக்கு உண்டு. வெயிலின் வெப்பக் கதிர்களில் ஒரு பகுதியை அது திருப்பிவிடுகிறது. ஆகவே பச்சோந்தியின் பசுமையில் பாதி சாயம், பாதி ஒளியின் விளையாட்டு. சோப்புக் குமிழியில் தோன்றும் நிறங்களை முன்பே கற்பித்த ஆசிரியர்க்கு இப்பாடம் எளிதில் கைவரும்.

இனி, நிறம் எதைத் தெரிவிக்கிறது என்பதைக் காண்போம். விடியற்காலையில் பச்சோந்தி கருத்திருக்கும். உடலின் ஒரு பக்கத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பித் தட்டையாக்கிக் கொள்ளும். கருமை வெப்பத்தை விரைந்து ஏற்கும் என்பதை யாவரும் அறிவர். உடல் சூடேறியதும் பசுமை திரும்பும். நண்பகலில் நிழலின்றி அகப்பட்டுக்கொண்டால் நிறம் வெளிறும். வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கும். இரவில் கிளை நுனியில் வால் சுருட்டி உறங்கும்போது அது மிகவும் வெளிறிவிடும். டார்ச் விளக்கின் ஒளியில் இருண்ட இலைகளிடையே வெண்மையாகத் தெரியும். பகலில் பத்து முறை கடந்து சென்றும் காணாத பச்சோந்தியை இரவில் எளிதாகக் காண்பது இதனாலேயே. கணக்கெடுப்புப் பணியில் உள்ளோர் இம்முறையைக் கையாள்கின்றனர்.

ஒன்றையொன்று எதிர்ப்படும்போது நிறம் மொழியாகிறது. ஏமன், சவூதி அரேபியா நாடுகளுக்குரிய முக்காட்டுப் பச்சோந்தியின் ஆண்களை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். பக்கப் பட்டைகள் பளிச்சிடும் ஆண் எதிரியை நெருங்க முற்பட்டது. தலையின் நிறம் விரைவாகவும் பளிச்சென்றும் மாறிய ஆண் வெல்லும் நிலையில் இருந்தது. தோற்கும் ஆண் கருத்துப் போய்ப் பின்வாங்கும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. கருமை இங்கே சரணடைவதற்கு அடையாளம். இதை மனத்திற் கொண்டால் கூண்டில் நிகழ்வது விளங்கும்.

முக்காட்டுப் பச்சோந்தியும் சிறுத்தைப் பச்சோந்தியும் அயல்நாடுகளில் வீட்டுப் பிராணிகளாகப் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. வளர்ப்போரின் அனுபவத்தில் கண்டவை, கைப்பற்றப்பட்ட பிராணிகளைக் காக்கும் களப்பணியாளர்க்கும் பயன்படும். இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் இடுதல் பெருந்தவறு. சண்டை நிகழாவிடினும், தோற்ற பிராணி ஓடி ஒளிய இடமின்றி நாள் முழுதும் கருத்தே இருக்கும், உணவை மறுக்கும், சில வாரங்களில் மெலிந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் தன் உருவமே எதிரியாகத் தோன்றுதலும் உண்டு. காலையில் சிறிது நேரம் கருத்திருத்தல் இயல்பு. வெயில் பட்ட பின்னும் கருமை நீங்காவிடில் குளிர், அச்சம், நோய் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறதென்று கொள்ளவேண்டும்.

நிறத்தினும் நம்பத்தக்கது கண். நலமுள்ள பச்சோந்தியின் கண்கள் பகலெல்லாம் ஓயாது சுழலும். பகலில் கண்மூடிக் கிடப்பது உறக்கமன்று. நோய் முற்றியதன் அடையாளம். கண் கூம்பு குழிவிழுந்திருப்பின் உடலில் நீர் வற்றியுள்ளது எனலாம். கிண்ணத்தில் நீர் வைத்தும் அது குடிக்கவில்லை என்பர் சிலர். பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்து நீரை நீரென்று அறிவதில்லை. இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகியது அது. இலைகளின்மீது நீரைத் தெளித்தால், சற்று நேரம் பொறுத்துக் குடிக்கத் தொடங்கும். நிறைந்த கிண்ணத்தின் அருகில் தாகத்தால் இறந்த பச்சோந்திகள் உண்டு என்பதால் இதை வற்புறுத்த வேண்டியுள்ளது. சோறும் பாலும் அதற்கு உணவல்ல. உயிருள்ள பூச்சிகளையே அது நாவை எறிந்து பிடிக்கும். நாள்தோறும் வெயில் படாத பிராணியின் உடலில் வைட்டமின் டி குறைந்து, எலும்பு மென்மையாகிக் கால்கள் வளையும். கிளையைப் பற்றும் வலிமையும் போய்விடும்.

பெண் பச்சோந்தி திடீரென அமைதியிழந்து கூண்டின் தரையில் அங்குமிங்கும் அலைந்து மூலைகளைப் பிறாண்டுமாயின், அது தப்ப முயல்வதாக எண்ணிவிடலாகாது. முட்டையிட இடம் தேடுகிறது. மரத்திலேயே வாழும் அப்பிராணி முட்டையிடுவதற்கென்று தரையிறங்கி, ஈர மண்ணில் குழி தோண்டி, முட்டைகளை இட்டு மூடிச் செல்லும். தோண்ட மண் கிடைக்காவிடில் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். முக்காட்டுப் பச்சோந்தியின் பெண் ஆணைச் சேராமலேயே முட்டையிடுவதும் உண்டு. கருவுற்ற காலத்தில் கரும்பச்சை உடலில் நீல, மஞ்சள் புள்ளிகளைக் காட்டி ஆணை விலக்கும். மழைக்காலத்தில் சாலையில் அகப்படும் பருத்த பெண் பச்சோந்தி பெரும்பாலும் இத்தகைய பயணத்தில் இருப்பதே. அதைப் பிடித்து வந்து கூண்டிலடைப்பவன் ஒரு பிராணியை மட்டும் அடைக்கவில்லை.

தோலில் வெண்ணிறத் துண்டுகள் தொங்குதல் நோயன்று, தோலுரித்தல். அதை இழுத்து எடுக்கலாகாது.

நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டிலோ பள்ளியிலோ வளர்ப்பதும் குற்றமாகும். பன்னாட்டு வாணிப உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டுப் பச்சோந்திகளை வைத்திருப்போரும் 2022ஆம் ஆண்டின் திருத்தத்திற்கேற்பப் பதிவு செய்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். மாணவன் கொணர்ந்த பச்சோந்தியை ஆசிரியர் என் செய்வது? மாணவனைக் கடிதல் வேண்டா, ஆர்வத்தால் செய்தான். பிராணியைக் கிளையிலிருந்து பிடுங்கி எடுத்தால் நகங்கள் பிய்யும். அதன் மார்புக்கு முன் மற்றொரு கிளையை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அக்கிளையோடு வைத்து மூடினால் இருளில் அமைதியடையும்; பெட்டி வெயிலில் இருத்தலாகாது. வனத்துறை அலுவலகத்திற்குத் தெரிவித்து, அவர்கள் கூறியபடி, பிடித்த இடத்திற்கருகிலேயே, சாலையைக் கடந்து அது சென்றுகொண்டிருந்த பக்கத்துப் புதரில் விடுதல் நன்று. தொலைவிலுள்ள வேறொரு காட்டில் விடுவது உதவியாகாது. காயமோ, பகலில் கண்மூடும் நிலையோ காணப்பட்டால் விடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட ஏற்பாடு செய்யவேண்டும்.

பாடம் இதனால் நின்றுவிட வேண்டியதில்லை. பள்ளி வேலியில் ஓணான்கள் உண்டு. அவற்றையும் பிடிக்க வேண்டா, பத்தடி தொலைவில் நின்று பார்த்தாலே போதும். வேலியின் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையிலும் ஓணானின் நிறத்தை மாணவர் எழுதி வரலாம். வெயிலா நிழலா, மற்றோர் ஓணான் அருகில் இருந்ததா, தலையை ஆட்டியதா, வாய் திறந்திருந்ததா என்பவற்றிற்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். அது அமர்ந்திருந்த பொருளின் நிறம் என்று ஒரு கட்டமும் வரையலாம். நிறமாற்றத்தோடு எக்கட்டம் ஒத்துச் செல்கிறது, எது ஒத்துச் செல்லவில்லை என்பதை ஒரு மாதக் குறிப்புக்களைக் கொண்டு மாணவரே எண்ணிப் பார்க்கட்டும்.