டப்பா வாங்கும் முன்

அன்புள்ள கயல்,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

1500 மீட்டரில் கடைசிச் சுற்றில் கால் கனக்கிறது, மூச்சு முட்டுகிறது, சீனியர் அக்காக்கள் எல்லாரும் வே புரோட்டீன் குடிக்கிறார்கள், எனக்கும் ஒரு டப்பா வேண்டும் என்கிறாய். பணம் தருவதில் தயக்கம் இல்லை. நீ சொல்லும் தொல்லைக்கு அந்த டப்பாவில் மருந்து இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

உன்னைப் போல் தினமும் ஓடுகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும் என்கிறார்கள் விளையாட்டு மருத்துவர்கள். உன் 48 கிலோவுக்கு 58 கிராமிலிருந்து 96 வரை. விடுதியில் இரண்டு முட்டை, இரண்டு டம்ளர் பால், மாலையில் சுண்டல், பருப்பு, இட்லி, சோறு. கோழி போடாத நாளிலும் 60 கிராம் பக்கம் வந்துவிடும். ஒரு கரண்டி பவுடரில் இருப்பது 20, 25 கிராம். அதுவும் பாலிலிருந்து பிரித்ததுதான். சாப்பாடு தவறிய நாளில் கைகொடுக்கும். அதற்கு மேல் அதற்குப் பெருமை இல்லை.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தே காலம் கழித்தவள் நான். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இரும்புச்சத்துதான். மாதாமாதம் போவது போக, ஓடும்போது பாதம் தரையில் மோதி அங்கேயும் சில சிவப்பணுக்கள் உடைகின்றன. வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் கழிகிறது. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கிறது, கவலை இல்லை என்று கேம்பில் சொன்னார்களாமே, அதை நம்பி இருந்துவிடாதே. பானையில் அரிசி இருக்கும்போதே குதிர் காலியாகலாம். அந்தக் குதிரைக் காட்டுவது ஃபெரிட்டின். அது 15க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. ஓட்டக்காரர்களைப் பார்க்கும் டாக்டர்கள் பலர் 30, 35க்குக் கீழே வந்தாலே கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பரிசோதனைக்கு ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில் போ. காய்ச்சலோ கடுமையான பயிற்சியோ முடிந்த கையோடு போனால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ரிப்போர்ட் பார்க்காமல் இரும்பு மாத்திரையை விழுங்காதே. நம் பக்கம் தலசீமியாக் கூறு உள்ளவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே இருக்கும், ஆனால் இரும்பின் இருப்பு பெரும்பாலும் குறைந்திருக்காது. அவர்களுக்கு இரும்பு கொடுத்துக்கொண்டே போவது வீண், நாளாவட்டத்தில் கெடுதலும்கூட.

டாக்டர் மாத்திரை எழுதினால், நீ ஆசைப்படும் பவுடர் அதற்கே குறுக்கே வரும். பாலில் உள்ள கால்சியமும் பால் புரதமும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாது. டீயும் காபியும் அப்படியே. பவுடர் கலந்த பாலையும் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டால் மாத்திரைக் காசு தண்டம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. பயிற்சி முடிந்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, இரும்பு உள்ளே போகும் வழியை அடைக்கும். அதனால் விடியலில் பயிற்சிக்கு முன்போ, முடிந்த உடனேயோ, எலுமிச்சைச் சாற்றோடு போடு. தினமும் போடுவதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் நன்றாகச் சேர்கிறது என்று இப்போது சொல்கிறார்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்.

ஊருக்கு வரும்போது அம்மாவிடம் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வறுத்துத் தரச் சொல். முகம் சுளிக்காதே. முருங்கைக்கீரையைப் புகழ்கிற அளவுக்கு அதிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதில்லை. சுவரொட்டியிலும் ஈரலிலும் இருப்பது சுலபமாகச் சேரும்.

மெக்னீசியம், துத்தநாகம் என்று ஜிம் கடைக்காரர் அடுக்குவதை ஒதுக்கு. உடம்பின் மெக்னீசியத்தில் ரத்த நீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் பெரிதாகச் சொல்ல முடியாது. துத்தநாகத்தை அளவு மீறிப் போட்டால் தாமிரம் குறையும்.

இன்னொன்று, இதை உன் கோச்சிடமும் காட்டு. 2000, 2001ல் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துணவுப் பொருள்களைக் கொலோன் ஆய்வகத்தில் சோதித்தார்கள். 94ல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் கலப்பு. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் சோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு. அசதி என்று போனால் உடனே டிரிப்ஸ் போடும் கிளினிக்குகள் உண்டு. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினாலே அது விதிமீறல். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குத் தேவைப்பட்டாலோ முன் அனுமதி இருந்தாலோதான் விலக்கு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். தூரமாவது மாதம் தவறாமல் வருகிறதா? எடை கூடிவிடும் என்று சோற்றைக் குறைத்துவிட்டாயா? மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் இரும்போடு முடிகிற விஷயமில்லை. எலும்பையும் பார்க்க வேண்டும். அப்போது லேபுக்கு முன்னால் பெண் டாக்டரிடம் போகிறோம், நானும் வருகிறேன்.

லேப் செலவுக்கு உன் அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். சீரம் ஃபெரிட்டின், முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மூன்றும் கேள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகும் புரதம் குறைகிறது என்றால், தொகுதிவாரியாக ஊக்கமருந்துச் சோதனை முத்திரை பெற்ற டப்பாவாகப் பார்த்து நானே வாங்கித் தருகிறேன். தொகுதி எண்ணும் பில்லும் பத்திரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியம்மா